கவரிமா மானன்று: ஒரு மண்டையோட்டின் முன் ஓர் ஆசிரியையின் ஒப்புதல்



இக்கிழமை இப்பத்தியில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். அது அச்சுப்பிழை அன்று. பல ஆண்டுகளாக என் வாயால் நானே கற்பித்து வந்த பிழை.

ஊரில் 16 ஆண்டுகள் தமிழும் சமூகக்கல்வியும் கற்பித்தவள் நான். ஜேர்மனிக்கு வந்த பின்னர் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் கற்பித்து வருகின்றேன். திருக்குறளின் 97 ஆம் அதிகாரமாகிய 'மானம்' பாடத்துக்கு வரும்போதெல்லாம், "கவரிமான் என்பது ஒருவகை மான். அதன் உடலிலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தாலும் அது உயிரை விட்டுவிடும்" என்று கரும்பலகையில் எழுதுவேன். பக்கத்தில் கிளைவிட்ட கொம்புடன் ஒரு மானையும் வரைந்து காட்டுவேன். பிள்ளைகளும் அதனை அப்படியே கொப்பியில் வரைந்துகொள்வார்கள். நானும் என் ஆசிரியரிடம் அவ்வாறே கற்றேன். அதற்கு மேல் ஆராய வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

சில மாதங்களுக்கு முன்னர், 12 வயதுடைய என் மாணவி ஒருத்தி, தன் ஜேர்மன் பாடசாலையில் 'றெபெறாற்' எனப்படும் சிற்றுரை ஒன்றை நிகழ்த்த வேண்டியிருந்தது. விரும்பிய ஒரு விலங்கைப் பற்றிப் பேசலாம். மற்றப் பிள்ளைகள் நாயையும் குதிரையையும் தெரிந்தெடுக்க, இவள் நம் இலக்கியத்து விலங்கைத் தெரிந்தெடுத்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே பேசினாள். வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "மான்கள் ஆண்டுக்கு இரு தடவை மயிர் மாற்றுகின்றனவே, அப்படியாயின் இந்த மான் எப்படி உயிர் வாழும்?" என்று கேட்டானாம். வகுப்பாசிரியை கடிந்துகொள்ளவில்லை. தாமும் தேடிப் பார்த்ததாகவும், அப்படியொரு மானை எந்த நூலிலும் காணவில்லை என்றும் மாத்திரம் சொன்னாராம்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளை என் மேசையருகே வந்து நின்றாள்.

"ரீச்சர், அப்பிடி ஒரு மான் உலகத்திலயே இல்லையாம். எங்கட புத்தகம் பொய் சொல்லுதோ?"

எனக்கு மறுமொழி வரவில்லை. இந்நாட்டில் நம் பிள்ளைகள் வாரத்தில் ஐந்து நாட்கள் ஒரு மொழியில் அறிவியலைக் கற்கின்றார்கள். ஆறாம் நாள் நம்மிடம் வந்து தமிழைக் கற்கின்றார்கள். அந்த ஆறாம் நாளில் நாம் சொல்வது மற்ற ஐந்து நாட்களில் பொய்யென்று தெரியவருமாயின், பிள்ளை அந்த ஒரு பாடத்தை மட்டும் சந்தேகிக்கமாட்டாள். ஆறாம் நாள் முழுவதையுமே சந்தேகிப்பாள். அந்தப் பயம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

நம் நகரத்து இயற்கை வரலாற்று நூதனசாலையில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சென்றால் பிள்ளைகளுக்கு எலும்புகளைத் தொட்டுப் பார்க்க இடமளிப்பார்கள். பதினொரு பிள்ளைகளுடன் சென்றேன். அங்கு பணிபுரியும் பெண்மணி ஒருவர் நான்கு மண்டையோடுகளை ஒரு நீண்ட மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று பசுவினது, மற்றொன்று நீரெருமையினது, மூன்றாவது இந்நாட்டுக் காடுகளில் வாழும் சிவப்பு மானினது. நான்காவது இமயமலைப் பக்கத்து 'யாக்' என்னும் விலங்கினது. "பெயரை வாசிக்க வேண்டாம். எலும்பை வாசியுங்கள்" என்றார். அன்றும் பின்னர் நூல்களிலும் நான் கற்றவற்றை இங்கே தருகின்றேன்.

முதலில் வாயைப் பார்த்தோம். நான்கு மண்டையோடுகளிலும் மேல்தாடையின் முன்புறத்தில் வெட்டுப்பற்கள் இல்லை. "உடைஞ்சு போச்சோ?" என்று ஒரு சிறுவன் கேட்டான். உடையவில்லை. இரைமீட்கும் குளம்பு விலங்குகளாகிய மாடு, ஆடு, மான் ஆகியவற்றுக்கு அவ்விடத்தில் பற்கள் முளைப்பதேயில்லை. பற்களுக்குப் பதிலாகத் தடித்த தோலாலான ஒரு மெத்தை உண்டு. கீழ்த்தாடையின் முன்புறத்திலுள்ள எட்டுப் பற்கள் அந்த மெத்தையில் புல்லை அழுத்திப் பிடித்து அறுக்கின்றன. அந்த எட்டில் ஆறு வெட்டுப்பற்கள். ஓரங்களில் உள்ள இரண்டும் உண்மையில் வேட்டைப்பற்கள். அவை தம் கூர்மையை விட்டு வெட்டுப்பற்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டன. அதன் பின் ஒரு நீண்ட வெற்றிடம். அதற்கப்பால் மேலும் கீழும், ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாறு கடைவாய்ப்பற்கள். கூட்டிப் பார்த்தால் மாட்டுக்கு மொத்தம் 32 பற்கள். நமக்கும் 32 தான்.

பற்களில்லாத அந்த முன்தாடை எலும்பைத் தொட்டுக் காட்டி அப்பெண்மணி ஒரு செய்தி சொன்னார். அதற்கு இடைத்தாடை என்பு என்று பெயர். விலங்குகளுக்கு இவ்வென்பு உண்டு, மனிதனுக்கு இல்லை, மனிதனை விலங்கிலிருந்து பிரிக்கும் அடையாளம் இதுவே என்று 18 ஆம் நூற்றாண்டில் அறிஞர் சிலர் வாதிட்டனர். 1784 இல் யேனா நகரில், மனித மண்டையோட்டிலும் அவ்வென்பின் பொருத்துக்கோடு உள்ளதைக் கண்டு மகிழ்ந்தவர் யார் தெரியுமா? நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் மகாகவி கேதே. பிரான்சிய உடற்கூற்றறிஞர் விக் டசீர் என்பவரும் அதே காலப்பகுதியில் அதனைக் கண்டிருந்தார். பல்லே முளைக்காத மாட்டின் தாடையிலும் பல்லைத் தாங்கும் அந்த எலும்பு இருக்கின்றது. கவிஞரொருவர் மண்டையோட்டைக் கையிலெடுத்து ஆராய்ந்திருக்கையில், தமிழ் கற்பிக்கும் நான் அதனைக் கண்டு ஏன் ஒதுங்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அடுத்து, கடைவாய்ப்பற்களின் மேற்பரப்பு. அதில் பிறை வடிவமான கோடுகள் தெரிந்தன. பல்லின் வெளிப்பூச்சாகிய மிளிரி மிகவும் கடினமானது. உள்ளிருக்கும் பொருள் சற்று மென்மையானது. மென்மையான பகுதி விரைவாகத் தேய, கடினமான பகுதி வரம்புபோல் உயர்ந்து நிற்கும். ஊரில் அம்மி தேய்ந்தால் பொளிவதற்கு ஆளைக் கூப்பிடுவோம். மாட்டின் பல்லோ தேயத் தேயத் தன்னைத் தானே பொளிந்துகொள்கிறது. மேலும், பல்லின் பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருந்து, மேற்பகுதி தேயும்போது மெல்ல மெல்ல வெளியே வருகின்றது. புல்லோடு மண்ணையும் சேர்த்து மெல்லும் விலங்குக்கு இது தேவை. கீழ்த்தாடை மேல்தாடையைக் காட்டிலும் ஒடுக்கமானது. ஆதலால் ஒரு நேரத்தில் ஒரு பக்கப் பற்களே பொருந்தும். மாடு அசைபோடும்போது வாய் பக்கவாட்டில் செல்வதை நாமெல்லோரும் பார்த்திருக்கின்றோம். அதன் காரணம் இந்த எலும்பில் எழுதப்பட்டிருக்கின்றது.

இதுவரை நான்கும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு கண்ணுக்கு மேலே தொடங்கிற்று.

மானின் கொம்பு முழுவதும் எலும்பு. நெற்றியில் உள்ள ஒரு சிறு தண்டிலிருந்து அது வளர்கின்றது. வளரும் காலத்தில் மென்மயிர் கொண்ட தோல் அதனை மூடியிருந்து உணவூட்டும். முற்றியதும் தோல் உரிந்துவிடும். ஆண்டுதோறும் கொம்பு முழுவதுமாக உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இந்நாட்டுச் சிவப்பு மான்கள் மாரி முடியும் காலத்தில் கொம்பை உதிர்த்து, கோடை நடுவில் புதிய கொம்புடன் நிற்கும். வன்னிக் காட்டில் விழுந்துகிடந்த மரைக்கொம்பை எடுத்து வந்து வீட்டுச் சுவரில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். அக்கொம்பு கிளைவிடும். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு மட்டுமே உண்டு. வடதுருவப் பகுதியின் கலைமானில் மாத்திரம் பெண்ணுக்கும் கொம்பு உண்டு.

மாட்டினத்தின் கொம்பு வேறு முறையில் அமைந்தது. நடுவில் நெற்றி எலும்போடு ஒன்றாகிவிட்ட ஓர் எலும்புக் குருத்து இருக்கும். அதன்மேல் நம் நகத்தை ஒத்த பொருளாலான ஓர் உறை இருக்கும். கிளைவிடாது, உதிராது. இறந்த பின் உறையைக் கழற்றலாம். அப்பெண்மணி யாக்கின் கொம்புறையைக் கழற்றிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். வாளுறையைப் போல உள்ளே வெறுமையாக இருந்தது.

நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள், வளர்ந்த மாட்டில் கொம்புக் குருத்தினுள்ளும் நீண்டு செல்கின்றன. அவ்வறைகள் மூக்கறையோடு தொடர்புடையவை. இதனைக் கேட்டதும் எனக்கு என் அப்பு ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் வண்டில் மாடு ஒன்று கொம்பை அடியோடு முறித்துக்கொண்டபோது அதன் மூக்கால் இரத்தம் வடிந்தது. "கொம்பிலை அடி, மூக்கிலை இரத்தமோ?" என்று அயலவர்கள் வியந்தார்கள். அப்புவுக்கும் காரணம் தெரியாது. நாற்பது ஆண்டுகளின் பின் அந்நிய நாட்டு மேசையொன்றில் விடை கிடைத்தது.

மற்றுமோர் அடையாளம் கண்ணின் முன்புறத்தில் உண்டு. மானின் மண்டையோட்டில் கண்குழிக்குச் சற்று முன்னே ஒரு பள்ளம் காணப்படும். மணம்விடும் சுரப்பி தங்கும் இடம் அது. அதற்கு அருகே எலும்பில்லாத ஓர் இடைவெளியும் இருக்கும். பசுவிலும் எருமையிலும் யாக்கிலும் அப்பள்ளம் இல்லை, விரல் வழுவழுப்பாகச் செல்லும். இங்கே ஒரு கேள்வி எழலாம். புல்வாய் என்னும் திருகுகொம்பு மானுக்கும் கொம்பு கிளைவிடுவதில்லையே? உண்மை. அது மான் என்று பெயர்பெற்றாலும் எலும்பின்படி மாட்டுக் குடும்பத்தையே சார்ந்தது. ஆயினும் கண்ணின் முன்னே சுரப்பிப் பள்ளம் அதற்கு உண்டு. ஆட்டிலும் இப்படி ஒரு வேறுபாடு இருக்கின்றது. செம்மறிக்கு அப்பள்ளம் உண்டு, வெள்ளாட்டுக்கு இல்லை.

ஆகவே யாக் மானன்று. அப்படியாயின் எருமையோ? தமிழில் அதனைச் 'சடை எருமை' என்றும் சொல்கின்றோம். மாணவி இரண்டு மண்டையோடுகளையும் மாறிமாறித் தடவிப் பார்த்தாள். எருமையின் நெற்றி குவிந்து மேடாக இருந்தது. யாக்கின் நெற்றியோ அகன்று தட்டையாக இருந்தது. எருமையின் கொம்பை வெட்டிப் பார்த்தால் முக்கோணமாக இருக்கும். அது பின்னோக்கிச் சாயும். யாக்கின் கொம்பு உருண்டையானது. பக்கவாட்டில் விரிந்து, பின் மேல்நோக்கி வளையும். காட்டு யாக்கின் ஆணில் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் வரையும் வளரும்.

எஞ்சியது பசு. யாக்கையும் பசுவையும் மண்டையோட்டால் பிரித்தறிவது நம்மைப் போன்றவர்களுக்கு எளிதன்று. இரண்டிலும் நுதலென்பு, அதாவது நெற்றி எலும்பு, பின்னோக்கி நீண்டு தலையின் மேற்பகுதி முழுவதையும் மூடிவிடுகின்றது. உறவு அவ்வளவு நெருக்கமானது. இரண்டையும் கலந்து 'சோ' என்னும் கலப்பினத்தை இமயமலை மக்கள் வளர்க்கின்றார்கள். அதில் ஆண் மலடு, பெண் ஈனும். 2012 இல் வெளியான யாக்கின் மரபணுத்தொகுதி ஆய்வு, யாக்கும் பசுவும் ஏறத்தாழ 49 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை எனக் கணித்தது. அமெரிக்கக் காட்டெருதாகிய பைசன் யாக்குக்குப் பசுவைவிடவும் நெருங்கிய உறவு என்பதும் மரபணு ஆய்வுகளால் தெரியவந்துள்ளது. உடலெலும்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. பசுவுக்கு விலாவென்புகள் 13 சோடி, யாக்குக்கு 14 சோடி. காற்று மெலிந்த உயரத்தில் வாழ்வதற்குப் பெரிய நெஞ்சறை வேண்டும் அல்லவா?

ஜேர்மன் மொழியில் இதனைக் 'குறுன்ஸ்-ஒக்ஸ' என்றும் சொல்வார்கள். உறுமும் எருது என்று பொருள். பசுவைப் போல் கத்தாமல் உறுமுவதால் அப்பெயர் வந்தது. இந்நாட்டார் பெயரிலேயே மாடு என்று சொல்லிவிட்டார்கள்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். வீட்டுக்கு வந்து திருக்குறளை விரித்து 969 ஆம் குறளை எழுத்தெழுத்தாக வாசித்தேன். வள்ளுவர் 'கவரிமான்' என்று எழுதவில்லை. 'கவரிமா' என்றே எழுதியிருக்கின்றார். மா என்றால் விலங்கு. அரிமா என்றால் சிங்கம், கைம்மா என்றால் யானை. இவற்றை நானே வகுப்பில் கற்பித்திருக்கின்றேன். ஆயினும் கவரிமாவைக் கண்டதும் என் கண் ஒரு மெய்யெழுத்தைத் தானாகவே சேர்த்து வாசித்திருக்கின்றது.

கவரி என்றால் என்ன? சாமரம். கோயில் திருவிழாவில் சுவாமிக்கு இருபுறமும் வீசும் வெண்சாமரத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அது யாக்கின் வால்மயிரால் செய்யப்படுவது. வடமொழியிலும் 'சமர' என்பது அவ்விலங்கின் பெயர். சாமரம் அதிலிருந்து வந்த சொல். புறநானூற்றின் 132 ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வடதிசை இமயத்தில் மணமுள்ள புல்லை மேய்ந்து, சுனைநீர் பருகி, தன் துணையோடு மரநிழலில் தங்கும் கவரியைக் காட்டுகின்றார். பதிற்றுப்பத்திலும் இமயத்துக் கவரி வருகின்றது. இமயம், புல் மேய்ச்சல், சாமர மயிர் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தும் விலங்கு யாக்கே. தென்கோடியில் இருந்த புலவர்கள் அதனைச் சரியான இடத்திலேயே நிறுத்தியிருக்கின்றார்கள். அதனை மானாக்கியவர்கள் பின்வந்த நாங்கள்.

மயிர் நீங்கினால் உயிர் நீங்கும் என்பது? இதனையும் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. திபெத்திலும் நேபாளத்திலும் ஆயர்கள் கோடைத் தொடக்கத்தில் யாக்கின் உள்மயிரை வாரி எடுக்கின்றார்கள், வால்மயிரையும் வெட்டுகின்றார்கள். அது இறப்பதில்லை. எனவே அக்கூற்று விலங்கியல் அன்று, புலவர் வழங்கிய நம்பிக்கை. வள்ளுவர் விலங்கைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. மானம் போனபின் வாழாத மனிதரைப் பற்றிப் பேசுகின்றார். ஆயினும் உறைபனிக் காற்றில் நீண்ட மயிர்ப் போர்வையோடு நிற்கும் அவ்விலங்கின் படத்தைப் பார்த்தபோது, மயிரையும் உயிரையும் சேர்த்து நினைக்க முன்னோருக்கு ஏன் தோன்றியது என்பது எனக்கு விளங்கிற்று.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். "நான் இவ்வளவு காலமும் பிழையாகப் படிப்பித்துவிட்டேன்" என்று கரும்பலகையின் முன் நின்று சொல்வதற்கு நாக்கு எழவில்லை. எனினும் சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கொப்பியில் இருந்த மானை வெட்டிவிட்டு, அகன்ற நெற்றியும் வளைந்த கொம்பும் உள்ள தலையை வரைந்தார்கள்.

அம்மாணவி தன் வகுப்பாசிரியையிடம் பத்து நிமிடங்கள் கேட்டுப் பெற்று மீண்டும் பேசினாள். நூதனசாலையில் தான் வரைந்த நான்கு மண்டையோடுகளையும் சுவரில் ஒட்டி விளக்கினாளாம். முடிவில் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்கட புத்தகம் பிழை விடேல்லை, என்ர தமிழ் ரீச்சர்தான் பிழை விட்டவ எண்டு சொன்னனான், ரீச்சர்."

எனக்குச் சற்றுச் சுட்டது. ஆனால் அவள் சொன்னது முழுவதும் சரி.

ஊரில் என்னிடம் கற்றவர்களுள் பலர் இன்று பல நாடுகளில் பெற்றோராக இருக்கின்றீர்கள். இப்பத்தி உங்கள் கைக்குக் கிடைத்தால், உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: அது மானன்று, மாடு. ரீச்சரே சொல்லிவிட்டார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.